மூன்றாம் அட்டவணை, எல்லை விவரம்

மணலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.
மேடைச் சுவரில் நேற்றைய தெர்மாகோல் எழுத்து:
லோகேஸ்வரன் இன்னும் ஒட்டியிருந்தார்,
மணப்பெண் உதிர்ந்துபோயிருந்தாள்.
அதன்கீழே மூன்று நாற்காலி.
தில்லிக்கு ஒன்று. கோட்டைக்கு ஒன்று.
மூன்றாவதில் நாங்கள் அறுபத்துநாலு குடும்பம்
உட்கார வேண்டும்.
துலுக்காணம் என்னைத் தள்ளிவிட்டான்:
"நீ போ எட்டியம்மா,
தண்ணியில ரொம்ப நேரம் இருந்தவ நீதான்."

முதல் வரியிலேயே எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்,
'இதன்கீழ் உரிமை கோருவோர் என அழைக்கப்படுபவர்.'
பன்னிரண்டு வருஷமாக வேறு பெயர் இருந்தது,
ஆக்கிரமிப்பாளர்.
அதற்கு முன்னே எங்களுக்குப் பெயரே இல்லை.
அவர்கள் படத்தில் ஆற்றுக்கும் இல்லை.

தில்லிக்காரரின் இங்கிலீஷை ஒரு தம்பி தமிழாக்கினார்,
அந்தத் தமிழை துலுக்காணம்
எங்கள் தமிழாக்கினான்.
முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு.
இதன்பின் வேறெந்த உரிமையும் கோரப்படமாட்டாது.
'மேற்படி' நாற்பது தடவை வந்தது.
இறால் ஒருதடவைகூட வரவில்லை.

நாங்கள் ஆற்றில் உட்கார்ந்து தடவுகிறவர்கள்.
கழுத்தளவு தண்ணீர், இரண்டு கையும் சேற்றில்,
பறி பல்லில்.
விரல் பட்டால் இறால் பின்பக்கமாய்த் தாவும்;
ஒரு கை விரட்டும், ஒரு கை பின்னால் காத்திருக்கும்.
பறியைக் கடித்த வாய் பேசாது.
பாலத்தின்மேல் நின்று பார்த்தவர்கள்
குறித்துக்கொண்டார்கள்:
ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை.

மூன்றாம் அட்டவணை, எல்லை விவரம்.
வடக்கே சாம்பல் குழாய்,
தெற்கே ரயில் பாலம்,
மேற்கே உப்பளத்து வரப்பு,
கிழக்கே நீர்விளிம்பு.

"நீர்விளிம்புன்னா?"
"தண்ணி முடியுற எடம்மா."
"எப்போ முடியுற எடம்?"

காகிதம் புரண்டது. சர்வேயர் எழுந்து
போன மாசம் எட்டாம் தேதி
பகல் பதினோரு மணிக்கு அளந்தோம் என்றார்.
அன்றைக்கு அட்டமி.
அட்டமி நவமியில் தண்ணீர் சோம்பேறி,
ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது.
அமாவாசைக்கு வந்து பாருங்கள்.
ஏத்தத்தில் உங்கள் கல் முழுகிக் கிடக்கும்,
வத்தத்தில் கல்லுக்கு அந்தப் பக்கம்
நூறுபேர் உட்காரும் சேறு திறந்துகொள்ளும்.
நீங்கள் கொடுப்பது கரை.
நாங்கள் கேட்டது அந்தச் சேறு.

சேறு எங்களது, மேலே நிற்கும் தண்ணீர் துறைமுகத்தினது
என்றார் கோட்டைக்காரர்.
தண்ணீர் எங்களதுதான்,
அடியில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை
என்றார் தில்லிக்காரர்.
அப்படியானால் நான் உட்கார்ந்திருக்கும்போது
இடுப்புக்குக் கீழே மாநிலம்,
மேலே மத்தியம்.
பறி யாருடைய எல்லையில் தொங்குகிறது?
இதைக் கேட்டதும் பின்வரிசையில் சிரித்தது எங்கள் ஆட்கள்தான்.

சாப்பாடு வந்தது. நேற்றைய கல்யாணத்துக் கை,
ரசத்தில் மிளகு அதிகம்.
வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார் தில்லிக்காரர்.
அமாவாசை என்பது சட்டச் சொல்லா என்று
இரண்டு வக்கீல்கள் கைகழுவும் இடத்தில்
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கங்களைப் புரட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது,
பேனாவைப் பல்லில் கடித்தேன்.
உடனே எடுத்துக் கீழே வைத்தேன்.

கிழக்கு எல்லைக்கு நேரே ஓரத்தில்
தம்பி பென்சிலால் எழுதினார்,
பென்சிலால்தான்:
'அமாவாசை வத்தம் வரை. பரிசீலனைக்குரியது.'
மூன்று பக்கமும் சுருக்கொப்பம் இட்டோம்.
இறுதியான தீர்வு என்ற வரி
அசையாமல் அங்கேயே இருக்கிறது.
அதன்கீழே என் கையெழுத்து இன்னும் இல்லை.

அடுத்த கூட்டம் அமாவாசையன்று,
பிற்பகல் மூன்று மணி, ஆற்றில்.
நாற்காலி போட வசதி உண்டா
என்று கேட்டார் தில்லிக்காரர்.
தம்பி தமிழாக்கினார்.
துலுக்காணம் அதற்குமேல் கொண்டுவரவில்லை.